கரை வரிசையில் ஒரு குவளை

டீக்கு மூன்று கட்டி சர்க்கரை போடுகிறவன் நான். டாக்டர் கூடாது என்றார். அறுபத்தொரு வயதில் இதையும் விட்டுவிட்டால் அப்புறம் என்னதான் மிச்சம் என்று நான் விடவில்லை. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, ஐயா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் தராஸ் யெகோரிச். எத்திகிட்கின் ஏரியில் போர் போட்ட ஆய்வுக் குழுவுக்கு நான் மேஸ்திரி. உறைந்த ஏரியின் மேலேயே துளை போடும் இயந்திரமான ரிக்கை நிறுத்தி, பனிக்கட்டியைத் துளைத்து, தண்ணீரைத் தாண்டி, அடியில் கிடக்கும் சேற்றை உருளை உருளையாக வெளியே எடுப்போம். லட்சக்கணக்கான வருஷத்துச் சேறு. விஞ்ஞானிகள் அதைக் குழந்தையைப் போலத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். எனக்கு அடிப்பாறையைத் தொட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு குளிர்காலம் வேலை பாதியில் நின்றுபோனது. இந்த ஏப்ரலில் பாக்கி பதினொரு மீட்டர். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் சாப்பாட்டுக் குடிசையின் கதவருகே ஒரு பலகை உண்டு. அதில் இரண்டு வரிசை ஆணி. மேல் வரிசை கரை, கீழ் வரிசை ஏரி. ஆளுக்கொரு எனாமல் குவளை. ஏரிக்குப் போகிறவர் தன் குவளையைக் கீழே மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அதில் ஒரு டீ குடித்துவிட்டு மேலே மாட்ட வேண்டும். பனிப்புயலின்போது கீழ் வரிசையில் ஒரே ஒரு குவளை தொங்கினாலும் போதும், காவல்காரன் எத்திலின் வாசலில் நின்று இரும்புப் பீப்பாயைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருப்பான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆள் வந்து சேரும். நாங்கள் தலையை எண்ணுவதில்லை. பலகையைத்தான் பார்ப்போம்.

ரிம்மா லவோவ்னாவுக்குப் பனியை அளக்கிற வேலை. ரிக்கின் பாரத்தில் பனித்தளம் எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் பார்த்துச் சொல்வாள். அவள் நிறுத்து என்றால் நிறுத்தியே ஆக வேண்டும். முதல் வாரத்திலிருந்தே அவள்மேல் எனக்கு ஒரு கண். நான் உள்ளே போனால் நோட்டை மூடுவாள். வயர்லெஸ்ஸில் பேசும்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவாள். ஒளிக்க ஒன்றுமில்லாதவள் எதற்கு முதுகைக் காட்ட வேண்டும்? என் வேலையைக் கெடுக்கவே யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருநாள் அவள் இல்லாத சமயம் அவளுடைய குடிசைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கம்பளிக் காலுறை, ஒரு சீசா ஜாம். வேறு ஒன்றுமில்லை. அதில்தான் சந்தேகம் எனக்கு உறுதியானது. எவ்வளவு கவனமாக மறைக்கிறாள் பாருங்கள்.

புயலுக்கு முந்தின நாள் காலை, கஞ்சி சாப்பிடும்போது சொன்னாள். “யெகோரிச், தளம் ரெண்டு விரல் இறங்கியிருக்கு. நாளைக்கும் இறங்கினா ரிக்கை நிறுத்தணும்.”

“நீங்க எட்டிப் பாத்தாலே அது பயந்துபோய் இறங்கிடுது, ரிம்மா லவோவ்னா. ரெண்டு நாள் அந்தப் பக்கம் போகாம இருந்து பாருங்களேன்.”

என் கையாள் வென்கா சிரித்த சிரிப்பில் கஞ்சி மேசையெல்லாம் தெறித்தது. “ஏண்டா தடியா, தொடைக்க உன் மாமியாளா வருவா?” என்று சமையல்காரி கிளாவா கரண்டியை ஓங்கினாள்.

ரிம்மா மட்டும் சிரிக்கவில்லை. “நீங்க நாலு பேர் அதுமேல நிக்கிறீங்க, மேஸ்திரி. உள்ள போயிட்டா கேலி பண்ண யாரும் இருக்க மாட்டீங்க.”

அவள் என்னை எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கஞ்சியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

மறுநாள் முற்பகலில் வானம் பளிச்சென்று இருந்தது. ரிம்மா குவளையைக் கீழே மாட்டிவிட்டு, அளக்கிற இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு, அளவுக் குழாய் நட்டிருக்கும் இடத்துக்குப் போனாள். கரையிலிருந்து ரிக் வரைக்கும் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்கிறோம். அளவுக் குழாய் அந்தக் கயிற்றை விட்டு அறுபது தப்படி தள்ளி. திடீரென்று மலையிலிருந்து காற்று இறங்கியது. கால் மணி நேரத்தில் நீட்டிய கை தெரியவில்லை. இஞ்சினுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு வாருங்கள் என்று ஆட்களிடம் சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி நான் முன்னால் வந்தேன்.

சாப்பாட்டுக் குடிசையின் முன்னறையில் யாருமில்லை. கிளாவா உள்ளறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எத்திலின் பின்பக்கம் எண்ணெய் டிரம்களைக் கட்டிக்கொண்டிருந்தான். என் குவளையில் டீ குடித்து மேலே மாட்டினேன். பிறகு அவளுடைய நீலக் குவளையை எடுத்து, கெட்டிலில் ஆறிக் கிடந்த டீயை ஊற்றிக் குடித்து, உதறி, அதையும் மேலே மாட்டினேன். ஈரம் இல்லாவிட்டால் கிளாவா கண்டுபிடித்துவிடுவாள்.

எத்திலின் வந்து பீப்பாயை அடித்தான். அந்தச் சத்தத்தில் அவளும் வந்துவிடுவாளோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வென்காவும் மற்ற இருவரும்தான் வந்தார்கள். டீ குடித்துக் குவளைகளை மாட்டினார்கள். கீழ் வரிசை காலி. எத்திலின் சம்மட்டியைச் சுவரோரம் சாத்தி வைத்தான்.

“ரிம்மா சாப்பிட வரலையா?” என்று கிளாவா கேட்டாள்.

“அவ குடிசையில இருப்பா. என்மேல கோவம். தணிஞ்சதும் வருவா.”

காற்று மறுநாள் மத்தியானம்தான் அடங்கியது. ரிம்மா அளவுக் குழாயில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தாள். இரும்புக் கம்பி கையிலேயே இருந்தது. கிளாவா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் தொப்பியைக் கழற்றினேன். எத்திலின் அழவில்லை. அவன் பாட்டுக்குப் பலகைக்குப் போய் நீலக் குவளையை எடுத்து, அடியில் விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தான்.

“ரிம்மா சக்கரையே போட மாட்டாளே, யெகோரிச். இது யாரு குடிச்ச டீ?”

மான் மேய்த்தவன். எதையும் முகர்ந்தும் நக்கியும் பார்க்கிற ஆள். அவனை நான் கணக்கில் எடுக்காதது தப்பு. மூன்று கட்டி அந்த ஆறின டீயில் முழுசாகக் கரையாது.

நேற்று நீங்கள் அவளுடைய நோட்டைக் காட்டினீர்கள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்ததைப் படித்தேன். ‘முந்தைய அளவு தவறு. குழாயில் பனி ஒட்டியிருந்தது. இறக்கமே இல்லை. இன்னும் பத்து நாள் தாங்கும். சாப்பாட்டுக்கு முன் யெகோரிச்சிடம் சொல்ல வேண்டும்.’ பத்து நாள் எனக்குத் தாராளம். பாறையைத் தொட்டிருப்பேன். இப்போது வேலையையே நிறுத்தி, ரிக்கையும் பிரித்துவிட்டார்கள். பதினொரு மீட்டர் அப்படியே கிடக்கிறது. அவள் என்னிடம் ஒழுங்காக முகம் கொடுத்துப் பேசியிருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எத்திலின் சம்மட்டியை வைத்த கொஞ்ச நேரத்தில், ஏரிப் பக்கமிருந்து டங், டங் என்று கேட்டது. குழாயைக் கம்பியால் தட்டுகிற சத்தம். நாற்பது வருஷம் இரும்போடு கிடந்தவனுக்கு அது தெரியாதா?

வென்கா எழுந்து நின்றான். “மேஸ்திரி, யாரோ தட்டற மாதிரி இல்ல?”

“ரிக்கில தகரம் ஆடுதுடா. அங்க யாரு இருக்கா? பலகையைப் பாரு.”

பார்த்தான். உட்கார்ந்துவிட்டான். அந்தச் சத்தம் சாயங்காலம் வரைக்கும் விட்டுவிட்டுக் கேட்டது. நான் என் குவளையில் இன்னொரு டீ போட்டுக்கொண்டேன்.

ஆனால் அவனிடம் நான் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. அந்த நேரத்தில் எல்லாக் குவளைகளும் கரையில்தான் இருந்தன.