கடைசி ஆளின் முறை

– அபிநயா, மறுக்கா நின்னுபோச்சா?

– இப்பத்தானுங்கப்பா ஓட ஆரம்பிச்சுது. ஃபேன ஓட்டறதுக்கு நான் செஞ்ச பொட்டி தானா அணைஞ்சு தானா எந்திரிச்சுது. அதுக்குள்ளாற ஃபேன் அத்தனையும் நின்னு, கோழியெல்லாம் வாயைப் பொளந்துட்டு நிக்குது.

– சித்திரை வெயிலு! இப்படியே வுட்டா சாயங்காலம் கோழிய வாரிப் பொதைக்கக் குழிதான் வெட்டோணும். நான் பள்ளிபாளையத்துல கல்யாண மண்டபத்துல உக்காந்துட்டு என்னத்தப் பண்றது? மெக்கானிக் மாதேஸ்வரன் கம்பெனிப் பொட்டியத் தூக்கிட்டு வாரான். உன்றதக் கழட்டி மூலையில போடு.

– சித்தப் பொறுங்கப்பா. எதனாலன்னு தெரிஞ்சுபோச்சு.

– போன மாசமும் இதையேதான் சொன்ன.

– ஏசறதப் பொறவு ஏசுங்க. பொட்டிக்குள்ள மூளை ஒண்ணேதான். ஒரு நேரத்துல ஒரு வேலைதான் பார்க்கும். அதுக்காக எது முன்னால, எது பின்னாலன்னு வரிசை வெச்சிருக்கறேன்.

– அது தெரியாதா? ஃபேன்தான் முன்னால.

– இல்லீங்கப்பா. நீங்கதான் முன்னால.

– நானா?

– போன்ல பொட்டிகிட்டச் சூடு எத்தனைன்னு கேட்டா ஒடனே பதில் வரோணும்னு மாசி பூராச் சண்டை போட்டீங்களே. "பண்ணைக்காரன் கேக்கறேன், ஃபேன் என்ன பெரிய இவனா"ன்னீங்க. அதனால மொதல்ல உங்களுக்குப் பதில். அப்பறந்தான் ஃபேன். அதுக்கும் பின்னால தண்ணி தெளிக்கறது.

– சரி. அதுல என்ன குத்தம்?

– அத்தனைக்கும் கடைசில ஒரு சின்ன வேலை இருக்குது. மத்த வேலையெல்லாம் ஓஞ்ச நேரத்துல வந்து, "எல்லாம் நல்லா நடக்குது"ன்னு பொட்டிய மேப்பாக்கற காவல் சில்லுக்கு ஒரு கொரல் குடுத்துட்டுப் போயிரும். கொரல் வரலீன்னா, பொட்டி சிக்கிக்கிச்சுன்னு நெனச்சு காவல் அணைச்சு எழுப்பும்.

– அந்தக் காவலப் புடுங்கி வீசு! முடிஞ்சுது சோலி.

– அப்பறம் நெசமாவே சிக்கிக்கிட்டா? ஃபேன் நின்னது நின்னபடி கெடக்கும்.

– அப்ப அந்தக் கடைசிக்காரன முன்னால தூக்கி வை.

– வெச்சா, ஃபேன் பட்டினி கெடந்தாலும் அவன் "எல்லாம் நல்லாருக்குது"ம்பான். சமையக்காரரு மொதப் பந்தியிலயே தின்னுட்டு, அல்லாரும் சாப்பிட்டாச்சுன்னு சொன்னா நம்புவீங்களா?

– எனக்குப் பந்தி பத்தி நீ சொல்லாத சாமி. நேத்தும் இதே வெயிலுதான? நேத்து ஏன் நிக்கல?

– அதுதான் எனக்கும் புடிபடல. நீங்க ஒருத்தரு கேட்டா பொட்டி அசையாது. இன்னைக்கு யாரோ வுடாமக் கேட்டுட்டே இருக்காங்க. பதில் சொல்லிச் சொல்லியே அதுக்கு மூச்சு முட்டுது. கடைசி ஆளுக்கு முறையே வர்றதில்ல.

– இப்ப என்ன பண்ணோணுங்கற?

– ஃபேன முன்னால கொண்டாந்து, போன் பதிலக் கடைசி ஆளுக்கும் பின்னால தள்றேன். இனி நீங்க கேட்டா மெதுவாத்தான் பதில் வரும். சரிங்களா?

– பண்ணைக்காரனுக்கே பின்னாடிதானா... தள்ளித் தொலை.

– அந்த மாத்தத்தப் பொட்டியில ஏத்தற வரைக்கும் இந்தக் கேள்வி நிக்கோணுமே. ஏனுங்கப்பா, பொட்டிகிட்டக் கேக்கற பட்டியல்ல நம்மூட்டு ஆளுங்க போன் மட்டுந்தான இருக்கோணும்? இங்க ஒரு ஊரே இருக்குது. நாமகிரிப்பேட்டைப் பெரியப்பா, ராமாத்தாள் அத்தை... ஐயோ, மணவறைல உக்காந்திருக்கற மாப்பிள்ளை பேரு கூட வருது! யாருங்கப்பா இவங்களையெல்லாம் சேத்தது?

– மாதேஸ்வரன அப்படியே திரும்பிப் போகச் சொல்லிடறேன் சாமி. ஆனா, எம்புள்ள செஞ்ச பொட்டி பாருங்கன்னு ஒவ்வொரு நாற்காலியாப் போயி நாந்தான அத்தனை பேரு போன்லயும் ஏத்திக் குடுத்தேன். இப்பப் பார்க்காதீங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?