பெரிய வெள்ளியன்று மணி அடிக்கவில்லை

முந்திரித் தோப்புக்குள் ஓடுகிறோம். காலடியில் சருகு இல்லை. கொட்டை பொறுக்குவதற்காக மரத்தடியெல்லாம் கூட்டி வைத்திருக்கும் மாதம். நடந்தால் சத்தம் வராது. ஒளியவும் இடமில்லை. நூறடி தள்ளி நின்று பார்த்தாலும் ஆள் தெரியும். எனக்கு முன்னால் அறுபது பேர் ஓடுகிறார்கள். பாதிப் பேர் கையில் செபப் புத்தகம். யார் காலிலும் செருப்பு இல்லை. கோவில் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள்.

பின்னால் மூங்கில் வெடிக்கிறது. குடிசை எரியும்போது முதலில் மூங்கில்தான் வெடிக்கும். எண்ணினேன். பதினேழு வரை தனித்தனியாகக் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

"குனிஞ்சு ஓடுங்க! மேட்டுல ஏறாதீங்க!"

கத்தியது நான்தான். 1984 ஏப்ரல் 20. பெரிய வெள்ளி. மதியம் இரண்டு மணி நாலு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் எதற்குப் பார்த்தாய் என்று பிறகு பலர் கேட்டார்கள். பழக்கம்.

நான் எங்கள் காலனியின் உபதேசியார். சாமியார் வராத நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துவதும், கோவில் மணி அடிப்பதும் என் வேலை. ஆண்டிமடத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது காலனி. அன்று ஐம்பத்தெட்டுக் குடிசைகள். கிழக்கே கோவில். அதை ஒட்டி ஒரு மருந்தகம். அரைக் கிலோமீட்டர் மேற்கே, சாலையோரம், தனியாக ஒரு வரிசை. அதில் இருபத்து மூன்று குடிசைகள். எல்லாரும் கூலிக்காரர்கள். அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கியும் உடைத்தும் பிழைத்தவர்கள்.

பத்திரிகை அன்று நடந்ததைக் கலவரம் என்று எழுதியது. கலவரம் என்றால் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்ள வேண்டும். இங்கே சாலையை மரம் வெட்டி அடைத்தார்கள். லாரியில் ஆள் இறக்கினார்கள். வரிசை வரிசையாகத் தீ வைத்தார்கள். நான் இதைப் போர் என்றுதான் எழுதுவேன். ஒரு பக்கம் மட்டும் ஆயுதம் வைத்திருந்த போர்.

மருந்தகத்தை நடத்தியவர் சிஸ்டர் அன்னா. பெல்ஜியம் நாட்டுக்காரர். வயது நாற்பத்தேழு. 1978 சூன் மாதம் எங்களிடம் வந்தார். காலை ஐந்தரைக்குச் செபம். ஆறு மணிக்குக் கிணற்றடியில் தன் துணியைத் தானே துவைப்பார். ஏழு மணிக்கு மருந்தகம் திறக்கும். தேள்கடி, பாம்புக்கடி, பிரசவம், பிள்ளைகளின் சொறி. எல்லாவற்றையும்விட அதிகம் வந்தது பெண்களின் கைப்புண். முந்திரிக்கொட்டை ஓட்டில் ஒரு பால் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும். உடைக்கிற பெண்களுக்கு விரல் நுனித் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். சிஸ்டர் ஒவ்வொரு கையாகப் பிடித்து மருந்து போடுவார்.

ஒருமுறை ஒருத்தி கேட்டாள்: "ஏம்மா, ஒங்க ஊர்ல முந்திரி கெடைக்குமா?"

"கெடைக்கும். பாக்கெட்டுல போட்டு விக்கறாங்க. இந்தக் கைய மட்டும் அந்தப் பாக்கெட்டுல படம் போட மாட்டாங்க."

எங்களிடமே தமிழ் கற்றவர். வீடு என்று சொல்ல மாட்டார். வூடு என்பார். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்த சாமியார் ஒருவர் அதைத் திருத்தப் பார்த்தார். "சாமி, நான் வூட்டுக்குள்ள போயி ஊசி போடறவ. வீட்டுக்கு வெளியில நிக்கறவ இல்ல" என்றார். சாமியார் சிரித்துவிட்டுப் போனார்.

போருக்குக் காரணம் ஒரு தெரு. ஏப்ரல் 15, குருத்தோலை ஞாயிறு. ஓலை பிடித்துப் போகும் ஊர்வலம் எப்போதும் மேல்சாதிக்காரர்கள் இருக்கும் மேலத்தெருவைச் சுற்றிக்கொண்டு வயல் வரப்பில் போகும். அந்த வருடம் இளைஞர்கள் நேரே போகலாம் என்றார்கள். என்னிடம் கேட்டார்கள். நான் சிஸ்டரிடம் கேட்டேன். "தெருதானே உபதேசியாரே. நடக்கத்தானே போட்டிருக்கு" என்றார். நடந்தோம். பதினோரு நிமிடம் ஆனது அந்தத் தெருவைக் கடக்க. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

திங்கட்கிழமை மேலத்தெருவிலிருந்து மிரட்டல் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலை கோவிலில் கூட்டம் போட்டோம். ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று முடிவு எடுத்தோம். குறிப்பேட்டில் நானே எழுதினேன்: மணி விடாமல் அடித்தால் யாரும் கோவிலுக்கு வர வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம், கிழக்கே முந்திரித் தோப்புக்கு ஓட வேண்டும். எல்லாரும் சரி என்றார்கள். மேற்கு வரிசைக்காரர்கள் கேட்டார்கள்: "எங்களுக்குக் கேக்குமா?" கேட்கும் என்றேன். எங்கள் மணி வெண்கலம். இரண்டு கிலோமீட்டர் கேட்கும்.

அது பெரிய வாரம். அதை அங்கே இருந்த ஒருவரும் நினைக்கவில்லை. சிஸ்டரும் நினைக்கவில்லை. பெரிய வியாழன் இரவுப் பூசையில் உன்னத கீதம் பாடி முடித்ததும் மணி ஓய்ந்துவிடும். சனி இரவு உயிர்ப்புப் பூசை வரை அடிக்கக் கூடாது. மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கயிற்றை மேலே தூக்கிக் கட்டுவது வழக்கம். இடையில் மக்களைச் செபத்துக்குக் கூப்பிட மரக்கட்டைகளைத் தட்டுவோம். பதினான்கு வருடமாக நான்தான் கட்டுகிறேன். அந்த வியாழனும் கட்டினேன். ஏணியில் ஏறி, மூன்று முடிச்சுப் போட்டு. செவ்வாய்க்கிழமை என் கையால் எழுதியதை வியாழக்கிழமை என் கையால் அழித்தேன். எனக்குத் தெரியவே இல்லை.

வெள்ளி. ஒன்று முப்பத்தைந்து. வண்டிக்கார செல்லக்கண்ணு வரப்பில் ஓடி வருகிறார்.

"புளியமரத்த வெட்டிப் போடறானுவ! ரெண்டு லாரி ஆளு! ஓடுங்க, ஓடுங்க!"

நான் கோவிலுக்குள் ஓடினேன். மேலே பார்த்தேன். கயிறு எட்டாத உயரத்தில். குருத்தோலை வெட்டிய அரிவாள் மூலையில்தான் இருந்தது. ஏணியும் இருந்தது. ஏறி அறுக்க இரண்டு நிமிடம் போதும். நான் கட்டைகளை எடுத்தேன். வாசலில் நின்று பலம் கொண்ட மட்டும் தட்டினேன். பெரிய வெள்ளியன்று மணி அடிக்கக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மனத்தில் இருந்தது.

மக்கள் வந்தார்கள். ஓடவில்லை. வந்தார்கள். சிலுவைப்பாதை மூன்று மணிக்கு. சீக்கிரமே தொடங்குகிறார்கள்போல என்று நினைத்தார்கள். செபப் புத்தகத்தோடு வந்தார்கள். முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.

சிஸ்டர் மருந்தகத்திலிருந்து ஓடி வந்தார்.

"மணிய அடிங்க உபதேசியாரே!"

"இன்னிக்கு அடிக்கக் கூடாதும்மா. பெரிய வெள்ளி."

"கட்டையத் தட்டினா செபத்துக்குல்ல வருவாங்க! மேக்கால கேக்கவும் கேக்காது!"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. "இவங்கள கூட்டிட்டுப் போங்க" என்றார். சைக்கிளை எடுத்தார். மேற்கே மிதித்தார். ஒன்று நாற்பத்தாறு.

மேற்கு வரிசையில் என் தங்கை ஞானசௌந்தரி இருந்தாள். கொட்டை வறுக்கும் கொட்டகையில் ஏப்ரல் 7ஆம் தேதி கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி சாய்ந்து அவளுடைய இரண்டு பாதங்களும் வெந்திருந்தன. தினமும் சிஸ்டர்தான் போய்க் கட்டு மாற்றினார். அவளால் ஓட முடியாது. நிற்கவும் முடியாது. எனக்கு அது தெரியும். சிஸ்டருக்கும் தெரியும். நான் அறுபது பேரோடு கிழக்கே போனேன். அவர் மேற்கே போனார்.

ஒன்று ஐம்பத்திரண்டு. முதல் புகை. மருந்தக ஓட்டில் முதல் கல் இரண்டு மணிக்கு விழுந்தது.

இனி வருவது நான் பார்த்ததல்ல. ஏப்ரல் 27, திருச்சியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிஸ்டர் சொன்னது. தப்பித்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்தேன்.

சிஸ்டர் சாலையோரமே கத்திக்கொண்டு போயிருக்கிறார். "வூட்ட விடுங்க! வெளிய வாங்க! கெழக்கால ஓடுங்க!" குடிசைக்குள் இருந்தவர்கள் அந்தக் குரலுக்கு வெளியே வந்தார்கள். கடைசிக் குடிசை என் தங்கையுடையது. அவளைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்கார வைத்திருக்கிறார். தள்ளிக்கொண்டு முப்பது அடிகூட வரவில்லை. சூழ்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர் இருக்கலாம் என்றார்.

அதில் ஒருவன் கத்தினான். "டேய், இது மருந்தம்மாடா. இவங்கள விட்டுடுங்கடா." மூன்று வருடம் முன்பு கட்டுவிரியன் கடித்துத் தூக்கி வரப்பட்டவன். சிஸ்டருக்கு அவன் முகம் தெரிந்தது. காலில் கடிவாய் எங்கே என்றுகூடத் தெரிந்தது.

"அம்மா, ஒதுங்கிக்கங்க. ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல" என்றான் அவன்.

"இவ நடக்க முடியாதவ. காலப் பாரு."

"நடுத்தெருவுல ஓலைய ஆட்ட மட்டும் நடந்தாளா?"

என் தங்கை அந்த ஊர்வலத்துக்கு வரவில்லை. பாதம் வெந்து எட்டாம் நாள் அது. அவள் அதைச் சொன்னாள். "நான் வரலண்ணே" என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

சிஸ்டர் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிரிக்கப் பார்த்தார்கள். விடவில்லை. உருட்டுக்கட்டையால் சிஸ்டரின் வலது கையில் அடித்தார்கள். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது. இடது கையால் பிடித்தார். அந்தக் கையில் அரிவாள் பட்டது. பிறகு பிடிக்க விரல் இல்லை. சைக்கிள் சாய்ந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் உட்கார வைத்தவன் அந்தப் பாம்புக்கடிக்காரன். கண்ணை மூடிக்கொள்ளும்படி சொன்னானாம். அவர் மூடவில்லை. என் தங்கையை வெட்டியதைப் பார்த்தார். நான்கு வெட்டு.

மாலை ஆறேகாலுக்குப் போலீஸ் வண்டி வந்தது. வெட்டிப்போட்ட மரங்களைத் தள்ளித் தள்ளி வந்தார்கள். பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு வரவேண்டிய சாமியார் மறுநாள் காலைதான் வர முடிந்தது. அவரிடம் மணியைப் பற்றிச் சொன்னேன். பாவ மன்னிப்புக் கேட்டு, பாவசங்கீர்த்தனமாகச் சொன்னேன். உயிரைக் காக்க எந்த நாளும் அடிக்கலாம் என்றார். அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்திருக்கவில்லை. படித்திருக்க வேண்டியதும் இல்லை. படிக்காத செல்லக்கண்ணு அன்று என்னைக் கேட்டார்: "அறுத்தா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா உபதேசியாரே?"

பின்னாளில் பல நாட்டுப் போர்களைப் பற்றிப் படித்தேன். வேண்டுமென்றே தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் யாரோ ஒருவன் சங்கை ஊதத் தவறுகிறான். தூங்கிவிடுகிறான், அல்லது பயந்து ஓடிவிடுகிறான். விழித்திருந்து, பயப்படாமல், வழக்கத்தை மீறக் கூடாது என்று நின்றவனை எங்கும் காணவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இழந்தவை.

மேற்கு வரிசையில் இருபத்து மூன்று குடிசைகள். கிழக்கே பதினெட்டு. மருந்தகம், அதில் ஆறு வருடத்து நோயாளிப் பதிவேடுகள். ஆடு முப்பத்தொன்று. கறவை மாடு இரண்டு, கட்டுத்தறியிலேயே எரிந்தன. கோவில் வாசலில் கிடந்த செருப்புகள் எல்லாம்.

சிஸ்டர் அன்னா. இடது கையில் மூன்று விரல்கள். வலது கை மடங்கவில்லை. தங்கும் அனுமதியை நீட்டித்துத் தரவில்லை. ஆகஸ்டு 3ஆம் தேதி நாட்டைவிட்டுப் போனார். அவர் குரல் கேட்டுத் தப்பியவர்கள் எண்பத்தாறு பேர்.

இறந்தவர்கள் மூன்று பேர்.

மிக்கேல், வயது எழுபத்தொன்று. கண் தெரியாதவர். குடிசைக்குள்.

சூசையம்மாள், அறுபத்து நான்கு. தலையில் கல். உயிர்ப்பு ஞாயிறு காலை போனாள்.

ஞானசௌந்தரி, இருபத்தாறு. என் தங்கை. கட்டைப் பிரித்துவிட்டு நடந்து பார்க்கலாம் என்று சிஸ்டர் அவளுக்கு நாள் சொல்லியிருந்தார். ஏப்ரல் 24, செவ்வாய்.