அண்ணன் பெட்ரோல் பங்க்கை மூடிய நாள்

தலைமை ஏற்று இந்த மாலையைத் தலைநிமிரச் செய்திருக்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி ஓடிக் கால் தேய்ந்த தாய்மார்களே! பிரசவ மருத்துவமனையிலிருந்து வேலை முடிந்து நேராக வந்திருக்கும் செவிலியர்களே! மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்துவிட்ட புத்திசாலிகளே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தச் செடி விற்கிறவளின் செழிப்பான வணக்கம்!

நம் கிணறுகளின் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று ஆய்வுக்கூடம் அறிவித்துவிட்டது! தட்டுங்கள், தட்டுங்கள், நானும் சேர்ந்து தட்டுகிறேன்! ஒரு வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

இந்த நாள் வானத்திலிருந்து விழுந்ததா? வரமாக வந்ததா? சொல்கிறேன், கேளுங்கள்.

என் நர்சரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அண்ணனின் பெட்ரோல் பங்க்கும் ஒரே மதிலின் இரண்டு பக்கம். ஒரு கோடையில் என் ரோஜாக் கன்றுகள் வாடின, குரோட்டன்ஸ் கருகியது. கிணற்றில் வாளியை இறக்கித் தூக்கினால் தண்ணீர்மேல் வண்ண வண்ணமாக ஒரு படலம்! மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை! உங்கள் தொட்டி ஒழுகுகிறது என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. என் தொழிலைக் கெடுக்கவா வந்தாய் என்றார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணி மட்டும் அவருக்குத் தெரியாமல் மதிலுக்கு மேலே குடிதண்ணீர் கேனை நீட்டுவார்.

நான் புகார் கொடுத்தேன். அதை விசாரிக்க வந்தவர்தான், இதோ கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கும் நிலத்தடி நீர் ஆய்வாளர். வந்த நாள் முதல் துளை, துளை, துளை! தெருவெல்லாம் துளைத்ததால் 'துளைக்காரம்மா' என்றே பெயர் வைத்துவிட்டோம். ஒவ்வொரு துளையிலும் குழாய் இறக்கி, நீர்மட்டம் அளந்து, மண்ணையும் நீரையும் புட்டியில் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அண்ணனின் தொட்டியில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். ஓட்டை இருந்தால் அழுத்தம் இறங்குமாம்; இம்மியும் இறங்கவில்லை! தொட்டி கெட்டி! அண்ணன் பெட்ரோல் போட வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். கூடப் பிறந்தவன் மேலேயே பழி போட்டவள் என்று என் காதுபடவே பேசினார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். சிரிக்கிற சிரிப்பிலேயே தெரிகிறது!

துளைக்காரம்மா அசரவில்லை. தொட்டி சரி, தொட்டியிலிருந்து பம்ப்புக்குப் போகிற குழாய்? அதைச் சோதித்தார். அழுத்தம் மளமளவென்று இறங்கியது! சிமெண்ட் தளத்துக்கு அடியில் ஓர் இணைப்பு தளர்ந்து, யார் கண்ணிலும் படாமல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

பிறகு எங்கள் இருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து, மண்ணுக்கடியில் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு வரைபடத்தில் காட்டினார். பங்க்கிலிருந்து என் நர்சரி; நர்சரியைத் தாண்டினால் பிரசவ மருத்துவமனையின் கிணறு! பெட்ரோல் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்றார்.

உத்தரவு வந்ததா? இல்லை! நோட்டீஸ் வந்ததா? இல்லை! அண்ணன் விறுவிறுவென்று நடந்துபோய் எல்லா பம்ப்பையும் அணைத்தார். வரிசையில் நின்ற வண்டிகளைத் திருப்பி அனுப்பினார். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார். கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ சொன்னது சரிதாம்மா. எங்க தோண்டணுமோ தோண்டச் சொல்லு. பங்க் போனா போகட்டும்."

நான் அழுதேன். அண்ணியும் அழுதார். துளைக்காரம்மா மட்டும், அழுதது போதும், மண் அள்ள ஆள் வேண்டும் என்றார்!

அப்புறம் நடந்தது பாருங்கள் வேலை! தளத்தை உடைத்தோம். குழாயை மாற்றினோம். நாறிய மண்ணை லாரி லாரியாகச் சுத்திகரிக்க அனுப்பினோம். நிலத்தடி நீரின்மேல் மிதந்த பெட்ரோலை உறிஞ்சி எடுத்தோம். தோண்ட முடியாத ஆழத்துக்குக் காற்றை ஊதினோம்! காற்று எதற்கு என்று பின்வரிசை ஐயா கேட்கிறார். நல்ல கேள்வி ஐயா! மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மூச்சுவிடக் காற்றுக் கொடுத்தால் போதும், மிச்சமிருக்கும் பெட்ரோலைத் தின்றே தீர்க்கும். என் வீட்டுக்காரரைப் போலச் சாப்பாடு சரியில்லை என்று அவை ஒரு நாளும் முறைத்துக்கொண்டதில்லை!

மருத்துவமனைக் கிணற்றுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடப் போகவில்லை, தாய்மார்களே! ஒரு சொட்டு!

இரும்பு துருப்பிடிக்கும், இணைப்பு தளரும், அது யார் இடத்திலும் நடக்கும். தெரிந்த பிறகு மூடி மறைக்கிறோமா, முன்வந்து சொல்கிறோமா? அதில்தானே இருக்கிறது நம் மானம்! அதில்தானே இருக்கிறது நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர்!

யார் அங்கே எழுந்து நிற்பது? பக்கத்துத் தெரு லாரி ஷெட் முதலாளியா? மைக்கை அவரிடம் கொடுங்கள்... கேட்டீர்களா? "எங்க ஷெட்டுக்கு அடியிலயும் பழைய டீசல் டேங்க் ஒண்ணு புதைஞ்சு கிடக்கு. நாளைக்குக் காலையில வாங்க, நானே கதவைத் திறந்து வைக்கிறேன்" என்கிறார்!

துளைக்காரம்மா, எழுந்து கும்பிட்டு, வருகிறேன் என்று ஒப்புக்கொள்ளுங்கள்! அண்ணா, நாளைக் காலை நாம் இருவரும் அங்கே போகிறோம்!

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? கேட்ட காதுகளுக்கும், தட்டிய கைகளுக்கும், இத்தனை பேர் நடுவில் எழுந்து நின்ற அந்த ஒரு மனிதருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!