சித்தி என்றால் வலப்பக்கம்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறீர்களா, மேடம்? ஒரே பக்கமாகக் காற்று பட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆங், போதும்.

உங்கள் தாளில் உள்ள முதல் கேள்வியை வாசித்தேன். நமது கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி இந்த ஆண்டு புள்ளி எடுக்கத் திணறியது ஏன்? நியாயமான கேள்வி. போன ஆண்டு ஓர் ஆட்டத்துக்கு எழுபது புள்ளிக்குக் குறையாமல் எடுத்த அணி, இந்த ஆண்டு நாற்பதைத் தாண்டவே முக்கி முனகியது. எதிரணியைத் தடுப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை. பந்து நம் கைக்கு வந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. இதைக் கண்டுபிடிக்க முதல்வர் புள்ளியியல் துறையிலிருந்து உங்களை அனுப்பியிருக்கிறார். எனக்கு முன்னால் பதினோரு பேரைக் கேட்டிருக்கிறீர்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லியிருப்பார்கள்.

தலைமைப் பயிற்சியாளர், அவரை நாங்கள் பெரிய சார் என்போம், பெண்களுக்குக் குறி போதவில்லை என்றிருப்பார். அதற்காக ஒவ்வொருத்தியையும் தினமும் முந்நூறு தடவை எறிய வைத்தார். பாவம், கையைத் தூக்க முடியாமல் ஒருத்திக்கு இன்னொருத்தி தலைவாரிவிட்டாள். அப்புறம் ஷூவை மாற்றினார்கள். வளையம் சாய்ந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, தச்சர் ஒருவர் ஏணி போட்டு ஏறி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "வளையம் நேராத்தாம்மா இருக்கு. உங்க பொண்ணுங்க கைதான் கோணல்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். இந்த ஆண்டில் நான் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதெல்லாம் காரணம் இல்லை. காரணம் நான்தான். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே உதவிப் பயிற்சியாளர். பந்துக்குக் காற்றடிப்பது, பனியன்களை எண்ணி மடிப்பது, கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, புள்ளித்தாள் எழுதுவது எல்லாம் என் தலையில்தான். அதோடு அணியின் சங்கேதச் சொற்களும். பந்தைக் கொண்டு போகிறவள் அடுத்து என்ன ஆட்டம் என்பதை ஒரு சொல்லில் கத்த வேண்டும். மற்ற அணிகள் ஒன்று, இரண்டு என்று எண் வைத்துக்கொள்ளும். நாலு ஆட்டம் பார்த்தால் எவரும் கண்டுபிடித்துவிடலாம். நான் உறவுமுறை வைத்தேன். 'மாமா' என்றால் பந்து இடது மூலைக்குப் போகும். எந்த வீட்டிலும் மாமா ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதானே உட்கார்ந்திருப்பார். 'அத்தை' என்றால் எல்லாரும் நடுவிலிருந்து நழுவிவிட வேண்டும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 'சம்பந்தி' என்றால் இரண்டு பேர், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை நீங்கள்தான் என்று பந்தை மாற்றி மாற்றி உபசரிப்பார்கள். அதற்குள் மூன்றாமவள் சத்தமில்லாமல் கூடைக்கு அடியில் போய்விடுவாள். "இது மேட்சா, கல்யாண வீடா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். எதிரணிக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

'சித்தி' என்று ஒன்று உண்டு. அதை ஆத்திர அவசரத்துக்கு மட்டும் வைத்திருந்தோம். பந்து வைத்திருப்பவள் வலப்பக்கக் கோட்டை ஒட்டிப் பாய்ந்து எகிறுவாள். நெட்டையான ஒருத்தி குறுக்கே நின்று, எதிராளியின் இடியைத் தான் வாங்கிக்கொள்வாள். அதற்கு அந்தப் பெயரை வைத்தது நான் இல்லை. "சின்னதுல அம்மா அடிக்க வந்தா நீதானே நடுவுல வந்து நிப்பே, அதான்" என்று எறும்பு வைத்தாள்.

எறும்பு யார் என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தடி உயரம், ஓயாத கால்கள், அணியின் பந்தை மூன்று ஆண்டாகச் சுமந்தவள். என் அக்கா மகள். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது அக்காவுக்கு வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்தது. "மூணு வருஷம்தான்டி, கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கோ" என்று பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். பதினைந்து ஆண்டாகிறது. அங்கேயே இன்னொரு கல்யாணம், இரண்டு பையன்கள். மாதம் ஒரு முறை வீடியோவில் வருவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அதற்கும் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பல் விழுந்தது, பெரியவளானது, கணக்கில் தோற்றது, எல்லாம் என் மடியில்தான் நடந்தன.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை, சாமான் அறையில் பனியன் மடித்துக்கொண்டிருந்தோம்.

"சித்தி, லீக் கிளப்ல கூப்பிடறாங்க. இந்த சீசன் நல்லா ஆடினா எடுத்துக்குவாங்களாம்."

"எங்கே?"

"ஃப்ளைட்ல ஆறு மணி நேரம். மூணு வருஷம்தான் சித்தி. லீவுக்கு லீவு ஓடி வந்துடுவேன்."

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் எனக்கு ஏற்கெனவே தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது, மேடம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. "நல்ல விஷயம்தானே கண்ணு" என்று சொல்லிவிட்டு, அவளுடைய ஏழாம் எண் பனியனை மடித்து மேலே வைத்தேன்.

ஒரே ஒரு சீசன் மோசமாகப் போனால் போதும் என்று கணக்குப் போட்டேன். அவள் மனம் கொஞ்சம் வாடும். நான் தேற்றுவேன். கல்லூரியிலேயே ஒரு வேலைக்குச் சொல்லி வைக்கலாம். மற்ற அணிகளின் பயிற்சியாளர்களில் பாதிப் பேர் என்னோடு ஆடியவர்கள். சும்மா நலம் விசாரிப்பது போலக் கூப்பிட்டு, பேச்சுவாக்கில் சொல்வேன். ஓர் அணிக்கு 'மாமா'வும் 'சம்பந்தி'யும். இன்னொன்றுக்கு 'அத்தை'. ஓர் அணிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் தரவில்லை; எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் சந்தேகம் வரும். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்து பழகிவிட்டேன். 'சித்தி'யை மட்டும் யாருக்கும் தரவில்லை. அது அவள் எனக்கு வைத்த பெயர்.

அதன் பிறகு எறும்பு வாயைத் திறப்பதற்குள் எதிராளிகள் போய் நின்றுகொண்டார்கள். மூலைக்கு எறிந்தால் மூலையில் ஒரு கை. சம்பந்திகள் உபசரித்து முடிப்பதற்குள் பந்து பறிபோனது. ஆறே ஆட்டத்தில் பெண்களுக்குக் கூடையைப் பார்த்தாலே நடுக்கம் வந்துவிட்டது. திறந்த இடத்தில் நின்றாலும் எறிய மாட்டார்கள், அடுத்தவளுக்குத் தள்ளிவிடுவார்கள். உங்கள் தாளில் 'தாக்குதலில் தயக்கம்' என்று போட்டிருக்கிறீர்களே, அது இதுதான்.

எறும்பு கெட்டிக்காரி. ஒரு நாள் பட்டை சுற்றிக்கொள்ளக் காலை என் முழங்காலில் வைத்தபடி சொன்னாள். "சித்தி, யாரோ போட்டுக்கொடுக்கறாங்க. நெட்டையா இருக்குமோ? அவ எதிர் டீம் பொண்ணு ஒருத்தியோட ஒரே பஸ்ல வர்றா."

"தெரியலையே கண்ணு. யார் மனசுல என்ன இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

பட்டையின் நுனியை ஒட்டி அவளை அனுப்பிவிட்டேன். நெட்டைதான் 'சித்தி' ஆட்டத்தில் குறுக்கே நிற்கிற பெண். பெரிய சார் அவளை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டார்; அவள் வாயடைத்துப் போனாள்; அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள். சாமான் அறையில் ஒரு பந்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து கல்லூரிக்கே வரவில்லை. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை, அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நான் இன்று இங்கே வந்து உட்கார்ந்ததற்கு அவளும் ஒரு காரணம். மிச்சக் காரணம் அசதி. பொய் சொல்வது கஷ்டமில்லை, மேடம். எதை யாரிடம் சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் உயிரை வாங்குகிறது.

கிளப்பிலிருந்து ஆள் தேர்வு செய்கிற அம்மா வந்தார். அன்றும் தோற்றோம், முப்பத்தெட்டுப் புள்ளி. நான் நிம்மதியாகப் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் வந்து, "டீம் தோத்தா தோக்கட்டும். இவ்வளவு மோசமான டீம்ல இவ்வளவு நல்லா ஆடறா பாருங்க, அதுதான் பெரிசு. கடைசி மேட்ச் முடிஞ்சதும் கையெழுத்து வாங்கிக்கறேன்" என்றார். கைகுலுக்கினார். வளர்த்த விதம் தெரிகிறது என்றும் சொன்னார்.

அன்று மாலையே கடைசி ஆட்டத்து எதிரணியின் பயிற்சியாளருக்குப் போன் செய்தேன். அவர் எனக்குப் பழக்கமில்லை.

"'சித்தி'ன்னு சத்தம் வந்தா, வலப்பக்கக் கோட்டோரமா வருவா. இடது கால்ல எகிறுவா. எகிறினா வளையத்தைத்தான் பார்ப்பா, கீழே பார்க்க மாட்டா."

"இதெல்லாம் எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க?"

"அடிகிடி பட்டுடக் கூடாது பாருங்க. அவ இறங்கற இடத்துல உங்க பொண்ணுங்க நிக்காம இருக்கட்டும்னுதான்."

அப்படித்தான் சொன்னேன். நிற்கக் கூடாது என்றுதான் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார். தரையில் கோடு எங்கே வளைகிறது, அதிலிருந்து எத்தனை அடி என்று சொன்னேன்.

கடைசி ஆட்டத்தில் எறும்பு எந்தச் சொல்லையும் பயன்படுத்தவில்லை. எல்லாம் கண் ஜாடையில்தான். அதனால் அன்றைக்கு அணி நன்றாகவே ஆடியது; உங்கள் வரைபடத்தில் கடைசியில் ஒரு மேடு தெரியுமே, அதுதான். இரண்டு நிமிடம் இருந்தது, ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பெரிய சார் ரெஃபரியிடம் கத்தி வெளியே அனுப்பப்பட்டிருந்தார். பந்து கோட்டுக்கு வெளியே போயிருந்தது; ரெஃபரி இன்னும் அதைக் கையில்தான் வைத்திருந்தார். அப்போது எறும்பு வலப்பக்கம் பார்த்தாள். எதிரணிப் பெண் ஒருத்தி, வர வேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தில் வந்து நின்றுகொண்டிருந்தாள். எறும்புக்குப் புரியவில்லை. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

இங்கே நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் ஆட்டத்தைக் கூப்பிடுகிறாளா, என்னைக் கூப்பிடுகிறாளா என்று குழப்பம் வரக் கூடாதென்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஆட்டம் என்றால் வெடுக்கென்று 'சித்தி'. நான் என்றால் இழுத்து 'சித்தீ'. நாலு வயதிலிருந்து கேட்கிற இழுப்பு. பந்து நின்றிருக்கும்போது டைம் அவுட் கேட்கிற உரிமை பயிற்சியாளருக்கும் உதவியாளருக்கும்தான். அந்த நேரத்தில் எனக்கு மட்டும். அதற்குத்தான் கூப்பிட்டாள்.

இழுத்துத்தான் கூப்பிட்டாள்.

நான் பாதி எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நெட்டை இருந்திருந்தால் அந்த இழுப்பு அவளுக்குப் புரிந்திருக்கும். அவளுக்குப் பதிலாக வந்தவள் பத்து நாள் பழக்கம். 'சித்தி' என்று காதில் விழுந்ததும் ஓடிப்போய் வலப்பக்கம் நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். பந்து எறும்பின் கைக்கு வந்துவிட்டது. இன்னொரு தடவை என்னைப் பார்த்தாள். சரி, சித்தி ஒன்றும் சொல்லவில்லை, அப்படியானால் போகலாம் என்று நினைத்திருப்பாள். போனாள். இடது காலில் எகிறினாள். எதிரணிப் பெண் எகிறவில்லை. முன்னால் ஓர் அடி மட்டும் எடுத்து வைத்தாள். எறும்பின் கால் அதில் பட்டு, முதுகு முதலில் தரைக்கு வந்தது. அதற்காக நமக்கு இரண்டு எறி கொடுத்தார்கள். வேறொருத்தி எறிந்தாள். இரண்டும் போகவில்லை. அதையும் கணக்கில் சேர்த்திருப்பீர்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வீட்டில்தான் இருக்கிறாள். குளிப்பாட்டுகிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன், நாலு வயதில் செய்ததெல்லாம் மறுபடி செய்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது 'சித்தீ' என்பாள். ஒரு தடவைகூட நான் எழாமல் இருந்ததில்லை. நேற்று அக்கா போன் செய்தாள். அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம். கொஞ்சமாவது அசைவு தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்களாம். "மூணு மாசம்தான்டி" என்றாள்.

இங்கே டாக்டர் எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார். தினமும் கால்களைத் தொட்டுப் பார்த்து, அசைவு உண்டா, இல்லையா என்று குறிக்க வேண்டும். தாள் எழுதுவது எனக்குப் புதிதில்லை. போன வியாழக்கிழமை போர்வையை விலக்கிக் காலைத் துடைத்தபோது இடது பெருவிரல் அசைந்தது. இரண்டு தடவை. அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சித்தீ, ஏதாவது அசையுதா?" என்று கேட்டாள்.

"இல்லை கண்ணு" என்றேன். தாளிலும் அப்படியே எழுதிவிட்டேன்.

அதை நீங்கள் அறிக்கையில் சேர்க்க வேண்டியதில்லை, மேடம். அது கூடைப்பந்து சம்பந்தப்பட்ட விஷயமில்லை. சீக்கிரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அவளைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரம் ஆகிவிட்டது. என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?