கரி ஏற்றிய கண்ணாடி

ஜூன் மாத வெயிலில் எண்ணெய்ச் சாயம் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவது என் வழக்கம். உட்காரச் சொல்லாதீர்கள், நீதிபதி ஐயா. நடந்துகொண்டே சொன்னால்தான் எனக்கு வரும்.

மாந்துவா கோமகனின் அரண்மனையில் நான் ஓவியன். ஃபுல்ஜென்சியோ கணித அறிஞன். இளமையில் ஒரே பட்டறையில் படம் எழுதக் கற்றவர்கள் நாங்கள். அவனுக்கும் வரைய வரும், எனக்கும் கணக்கு வரும். நண்பகல்தோறும் கோபுரத்தின் உச்சியில், தொலைநோக்கியில் சூரியனைப் பார்த்து அதிலுள்ள கரும்புள்ளிகளை அவன் சொல்வான். நானும் ஒருமுறை பார்த்துவிட்டு வரைவேன். கண் கூசாமலிருக்க வைக்கும் கண்ணாடிக்கு மெழுகுவர்த்திப் புகையில் கரி ஏற்றுவது என் பொறுப்பு.

ஒருநாள் என் படத்தைக் கோமகன் வியந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் கையை நம்பாதீங்க, பிரபு," என்றான் ஃபுல்ஜென்சியோ. "சூரியன்ல அஞ்சு புள்ளிதான். அழகா இருக்கட்டும்னு ரெண்டைச் சேத்துட்டான்."

சபையே சிரித்தது. கோமகன் படத்தைக் கீழே வைத்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் ஏழு இருந்தன, ஐயா. நான் பார்த்தேன்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் கண் சரியில்லை, அவ்வளவுதான். சரியில்லாத கண் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல்.

மறுநாள் கரியைச் சற்று மெலிதாக ஏற்றினேன். அதற்கடுத்த நாள் இன்னும் சற்று. நான் பார்க்கும்போது மட்டும் பழைய கண்ணாடியை மாற்றி வைத்துக்கொண்டேன். பார்ப்பவருக்குத் தெரியாமல் இருட்டை வெளிச்சமாக்குவது ஓவியனுக்குப் பழகிய வேலை.

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தியோடா, லத்தான்சியோ? கண்ணு எரியுது."

"ஜூன்னா அப்படித்தான்டா. வலது கண்ணுக்கு ஓய்வு குடு. இடது கண்ணால பாரு."

பார்த்தான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. இரண்டும் போகப் பன்னிரண்டு நாட்கள் ஆயின.

இப்போது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு படியேறுகிறான். "எத்தனைடா?" என்கிறான். சொல்கிறேன். மறுபேச்சில்லை. எங்கள் படங்கள் இவ்வளவு துல்லியமாக ஒருபோதும் இருந்ததில்லை. நேற்று கோமகனிடம், "என் கண்ணே இவன்தான், பிரபு" என்றான். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் வந்தேன்.

ஆம், அவன் கண்களை அவித்தவன் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஐயா, உச்சிவேளை நெருங்குகிறது. நான் போகாவிட்டால், பாவம், அவனுக்காக யார் பார்ப்பார்கள்?