தீபாவளிக்குள் விழ வேண்டிய கம்பெனி

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் முன்பெல்லாம் பையனுக்கு எத்தனை காணி நிலம் என்று விசாரிப்பார்கள், மேடம். இப்போது கம்பெனி நிற்குமா என்று விசாரிக்கிறார்கள். அதற்கு என்னிடம்தான் வருவார்கள். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வெகுகாலம் இருந்து, அது மூடப்பட்ட பிறகு ஊர் திரும்பியவன் நான். மூடப்போகிறது என்பது அதன் முதலாளிக்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

தொழில் மந்தம் வரும்போது எது விழும் என்று சொல்வது பெரிய வித்தை இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது விழும். கடன் வாங்கி ஆள் சேர்த்தது விழும். லாபம் பிற்பாடு வரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பது முதலில் விழும். கெட்டிக்காரர்கள் சத்தமில்லாமல் வேறு வேலைக்குப் போகிறார்களா என்பதை மாப்பிள்ளையிடமே பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுவேன். நான் வேண்டாம் என்ற கம்பெனிகள் அநேகமாக மூடப்பட்டன. ஒரே ஒரு முறைதான் மாற்றிச் சொன்னேன். என் பங்காளி ரங்கநாதனின் பெண்ணுக்கு வந்த வரன். அவன் கம்பெனி தேறாது என்று தெரிந்தும் நிற்கும் என்றேன். நல்ல குடும்பம், நம்மவர்கள், விட மனசில்லை. கல்யாணமான கொஞ்ச நாளில் அது மூடப்பட்டது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

என் மகள் அன்புக்கரசி இனியனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. இனியன் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு விதைக் கடை மாடியில் கம்பெனி நடத்தினான். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே படங்களில் எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டுகிற வேலை. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். சிங்கவரத்திலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வந்து வேலை செய்தார்கள்.

அவனை வீட்டுக்கு வரவழைத்து நிதானமாக விசாரித்தேன். எதையும் மறைக்காமல் சொன்னான். கடன் கிடையாது. வாடகை சொற்பம். வாடிக்கையாளர்கள் மூன்று பேர், மூன்று நாடுகளில்; பெயர்களையும் சொன்னான். மந்தம் வந்தால் ஜனங்கள் ஓட்டலுக்குப் போவதைக் குறைப்பார்கள். எலும்பு முறிவதைக் குறைக்க முடியாது. உண்மையைச் சொல்வதானால், நான் விசாரித்ததிலேயே உறுதியான கம்பெனி அதுதான்.

அவன் போன பிறகு, அவன் உட்கார்ந்த நாற்காலியை என் மனைவி சுந்தராம்பாள் கழுவி வெயிலில் வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவுவது வழக்கம்.

"நிக்காதும்மா. தீவாளி தாண்டாது," என்றேன் அன்புவிடம்.

"இன்னாத்த வச்சு சொல்ற நைனா?"

"எல்லாம் கணக்குதான்."

"சரி. தீவாளிக்குள்ள வுழுந்துட்டா நீ காட்டற ஆளக் கட்டிக்கறேன். வுழுலன்னா நீயே முன்ன நின்னு பண்ணி வைக்கணும். பேச்சு மாறக் கூடாது." பிறகு சிரித்தாள். "ஒரு தபா உன் கணக்கு தோக்கட்டும் நைனா. உடம்புக்கு நல்லது."

அந்த வருடம் பெரிய பெரிய கம்பெனிகளே ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. நான் பெயர் சொல்லியிருந்த இரண்டு மூடியே விட்டன. இனியன் மட்டும் புதிதாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தான். புரட்டாசி முடிகிற சமயம், நேரில் பார்க்கலாமென்று நானே போனேன்.

பெண்கள் வேலை செய்கிற கூடத்தின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே போகிற எல்லோரும் போனை அதில் போட்டுவிட வேண்டும். நோயாளியின் படம் எதுவும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது வாடிக்கையாளர்களின் நிபந்தனை. இனியனும் தன் போனைப் போட்டான். வாசலில் இருந்த வளர்மதி என்ற பெண் கூடையை என் பக்கம் நீட்டினாள்.

"சார், போனு..."

"யே வளரு, மாமாகிட்டயே கேக்கறியா?" இனியன் பதறிப்போனான். "நீங்க வாங்க மாமா. அந்த ரூல்ஸெல்லாம் எங்களுக்குத்தான்."

மாமா என்றான். நான் திருத்தவில்லை. தண்ணீர் கொடுத்தான், வேண்டாமென்றேன். கையோடு பாட்டில் கொண்டுபோயிருந்தேன். எனக்குத் தண்ணீர் மாறினால் ஒத்துக்கொள்ளாது. ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டை நன்றாகத் தெரிந்தது. டீ சொல்லிவிட்டு வருவதாக அவன் வெளியே போனான். அருகில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் எதிரே திரையில் யாரோ ஒரு குழந்தையின் மணிக்கட்டு. என் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஊழியர்கள் நோயாளிகளின் படங்களை வெளியே விற்கிறார்கள் என்று எழுதி, அந்தப் படத்தையும் சேர்த்து, மூன்று வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினேன். மனசாட்சியுள்ள ஓர் ஊழியர் என்று கையெழுத்திட்டேன். மந்த காலத்தில் எல்லோரும் செலவைக் குறைக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக மூவரும் விலகினார்கள். தீபாவளிக்கு முன்பே கூடம் பூட்டப்பட்டது. திருட்டுப் பெயர் வந்ததால் அந்தப் பெண்களுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதை நான் யோசித்திருக்கவில்லை.

வாடிக்கையாளர்கள் இனியனுக்கு அனுப்பிய அந்தப் படத்தை அன்பு தன் போனில் வைத்து என்னிடம் காட்டினாள்.

"அந்த ரூமுக்குள்ள போனோட போன ஆளு ஒருத்தர்தான் நைனா."

"தீவாளிக்குள்ள வுழுந்துச்சா இல்லியா? அதச் சொல்லு."

"வுழுந்துச்சு," என்றாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றே அவளும் இனியனும் சென்னைக்கு பைக்கில் கிளம்பியிருக்கிறார்கள். திண்டிவனம் ரோட்டில் லாரி மோதியது. அவன் கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். என் மகள் அங்கேயே போய்விட்டாள். லாரிக்காரன் மேல் வழக்கு இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் எனக்குச் சம்பந்தம் இல்லை.

வீட்டில் கிடத்தியிருந்தபோது இனியனின் அம்மா அமிர்தவல்லி மாலையோடு வந்தாள். தெருமுனையிலேயே நிறுத்திவைக்கச் சொன்னேன். உள்ளே கூட்டமாக இருந்தது. "ஒரே ஒரு தபா மூஞ்சப் பாத்துட்டுப் போயிடறேன் சாமி," என்று அவள் கெஞ்சியது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. மாலையை மட்டும் ஆள் விட்டு வாங்கிவரச் செய்து, வெளி கேட்டில் மாட்டச் சொன்னேன்.

படம் எடுத்தது நான். மெயில் அனுப்பியது நான். கம்பெனியை விழ வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், காரணம் சாதி என்று இனியன் புகாரில் எழுதியிருக்கிறானாம். அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். சாதி பார்க்கிறவனாக இருந்தால் அந்த மாலையை கேட் வரைக்கும் வர விட்டிருப்பேனா?