நூறு வருஷத்துப் படி

அந்தப் படி இல்ல சார், அதுக்கு மேல உள்ளது. ரெண்டாவது படி. எல்லாரும் ரெண்டாவது படியத்தான் போட்டோ எடுப்பாங்க... இருங்க, காயப்போட்ட சாக்ஸ எடுத்துக்கறேன். ஆங், இப்ப எடுங்க. போன வாரம் ஒரு அம்மா என் சாக்ஸோடயே எடுத்துட்டுப் போயிட்டாங்க. எந்தெந்த ஊர்ல என் சாக்ஸ் சரித்திரமா சுத்துதோ!

போர்ட படிச்சீங்களா? "பெருவெள்ளத்தின்போது மூன்றே நாளில் பதினோரு பிரசவம் பார்த்த மருத்துவச்சி வாழ்ந்த இல்லம். இப்படிகள் வரை வெள்ளம் வந்து நின்றது." நல்லாத்தான் எழுதியிருக்காங்க. வந்து பாத்துட்டுப் போறவங்களுக்கு என்ன, குடியிருக்கறவனுக்குல்ல தெரியும்! ஞாயித்துக்கிழமை பல்லு வெளக்கிட்டு இருப்பேன், கதவத் தட்டுவாங்க. "எந்த ரூம்ல சார் பிரசவம் பாத்தாங்க?" வாய் நிறைய நுரை, என்னத்த சொல்ல? பாத்ரூம் பக்கம் கையக் காட்டுவேன். அங்க போய் கண்ணு கலங்க நின்னுட்டு வருவாங்க.

அதெல்லாம்கூட போகட்டும். ஜன்னல்ல சக்கர நாற்காலியில இருக்கறது எங்க அக்கா. கைய ஆட்டுது பாருங்க, உங்களுக்குத்தான். முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்து தபால் குடுத்த பொம்பள சார். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குலைக்கும், எல்லாம் அத்துப்படி. எட்டு மாசம் முன்னாடி ஒரு பக்கம் கை கால் விழுந்துருச்சு. வெளிய கூட்டிட்டுப் போகணும்னா இந்த மூணு படி. என் முதுகப் பத்தி சொல்லவே வேணாம். ஒருநாள் பலகை போட்டு உருட்டிப் பாத்தேன். பாதியில சறுக்கி, அக்காவும் நானும் செடிக்குள்ள கெடந்தோம். அது சிரிக்குது, நான் முள்ளு எடுக்கறேன்!

சரி, படிய இடிச்சுட்டு சரிவா ஒரு பாதை போட்டுருவோம்னு செங்கல், மணல் இறக்கினேன். அடுத்த வாரமே தொல்லியல் ஆபீஸ்லேருந்து கடுதாசி. "நூற்றாண்டுப் பழமை வாய்ந்த படிகளைச் சிதைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும்."

நூறு வருஷமாம்! சார், இந்தப் படி நான் கட்டினது. பத்தொம்பது வருஷம் ஆகுது. ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்குல்ல? எனக்கு வந்தது அவ்வளவுதான். போன மாசம் ஒரு வாத்தியார் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து, இந்தக் கோணலத் தடவி, "இது அந்தக் காலத்துக் கைவேலை, இன்னிக்கு யாருக்கும் வராது"ன்னாரு. அதுல பாதி உண்மைதான், இன்னிக்கும் எனக்கு வராது.

என்ன? ஆபீஸ்ல போய் சொல்ல வேண்டியதுதானேங்கறீங்களா? சொல்லலாம். சொன்னா, "அப்ப இந்த போர்டு எப்படி இங்க வந்துச்சு, நட்டவன் யாரு?"ன்னு கேப்பாங்களே... வெயில்ல நிக்கறீங்களே, தண்ணி கொண்டு வரட்டுமா? வேணாமா... சரி.

நட்டவன் நான்தான் சார்.

ரோட்டோரம் கம்பம் நடறதுதான் என் வேலையே. வளைவு போர்டு, வேகத்தடை போர்டு, எல்லாம். இந்த போர்ட நட வேண்டிய இடம் அந்த வளைவு தாண்டி, இப்ப வெல்டிங் பட்டறை இருக்கே, அங்க. பதினாலு மாசம் முன்னாடி கடப்பாரைய எடுத்துட்டுப் போனேன். மூணு குத்து குத்தினேன். பாறை! கை விண்ணுன்னு தெறிக்குது. மணி ஒண்ணு, வயிறு கூப்பிடுது. எங்க வீட்டு முன்னாடி மண்ணு மெத்து மெத்துன்னு இருக்கும். யாரு படிக்கப் போறான்னு இங்க நட்டுட்டு, "குறித்த இடத்தில் நடப்பட்டது"ன்னு கையெழுத்தும் போட்டுட்டு, உள்ள போய் சாப்பிட்டுப் படுத்துட்டேன். நல்லாத் தூங்கினேன் சார், அதான் கேவலம். சோம்பேறித்தனத்துக்கு போர்டு வைக்கறதா இருந்தா சரியான இடத்துலதான் வச்சிருக்கேன்!

அக்காவுக்கு அப்ப கால் நல்லா இருந்துச்சு. இப்படி ஆகும்னு நான் என்ன கண்டேன்?

நேத்து ஒரு பெரியவரு வந்தாரு. எண்பது வயசுக்கு மேல இருக்கும். அந்தப் பதினொண்ணுல அவரு ஒருத்தராம். செருப்பக் கழட்டிட்டு, ரெண்டாவது படியில உக்காந்து, சத்தமே இல்லாம அழுதாரு. "எங்கம்மா இங்கதான் கெடந்திருப்பாங்க, இல்ல தம்பி?"ன்னு கேக்கறாரு. நான் தலைய ஆட்டினேன் சார். ஆட்டினேன்! அந்தம்மா நிஜமா கெடந்த எடத்துல பட்டறைக்கு வந்த லாரி நிக்குது. மிச்சம் இருக்கற நாலு பேரையும் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வராராம். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கதவத் திறப்பேன்?

ராத்திரி பூரா இதே நெனப்பு. ரிட்டயராக ஒம்போது மாசம் இருக்கு, பொய்க் கையெழுத்துன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா? இத அக்காகிட்டகூட சொல்லல. வழியில போற உங்ககிட்ட கொட்டிட்டேன், தப்பா நெனைக்காதீங்க.

சார், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன். கம்பத்தப் பிடுங்கி, பேசாம வளைவுல கொண்டுபோய் நட்டுருவோம். பிடிங்க... ம்... ஏலே... ஊஹூம். அசைய மாட்டேங்குது. வீட்டு வாசலாச்சே, காத்துல விழுந்து கூரை ஓட்ட ஒடைச்சிடக் கூடாதேன்னு ரெண்டு மடங்கு சிமெண்ட் போட்டுத் தொலைச்சேன். சர்வீஸ்ல நான் ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை இதுதான் சார்!

சரி, விடுங்க. போன்லயே சொல்லிடறேன். ஆனது ஆகட்டும். போர்டு அடியில, முன்பக்கமும் பின்பக்கமும், ஆபீஸ் நம்பர் இருக்கும், பொடி எழுத்து, எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது. கொஞ்சம் படிங்க சார்... சார்? அட, என்ன சார் காரக் கெளப்பிட்டீங்க! நம்பர மட்டும் சொல்லிட்டு...

போயிட்டாரு.

என்னக்கா? ...ஒம்போதா? என்ன ஒம்போது? ...ஓ, நம்பரா. ஜன்னல் தெறந்தா இருந்துச்சு? அப்ப எல்லாத்தையும்... ம். ஆமா. நான்தான்.

நீ எப்படி பாக்காமலே சொல்ற?

...ஆமா. எட்டு மாசமா அது ஒண்ணத்தானே பாத்துட்டு இருக்க.

சொல்லுக்கா. ஒவ்வொண்ணா சொல்லு, அழுத்தறேன்.